கைதட்டல் யாருக்கு விழுகிறது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

திரைக்கதைகளில் வரும் இனவெறிப் பாத்திரம் பார்ப்பவர் மனத்தைத் தெளிய வைக்கிறதா, இறுக வைக்கிறதா என்பது தலைப்பு. இறுக வைக்கிறது என்று வாதாட நாங்கள் வந்திருக்கிறோம்.

"இயக்குநர் அவனைக் கண்டிக்கத்தானே படம் எடுத்தார்? கடைசியில் அவன் அழிகிறான், இல்லை திருந்துகிறான். பார்க்கிறவர்களுக்குப் புரியாதா?" என்று கேட்டார் எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர். ஐயா, இயக்குநர் என்ன நினைத்தார் என்பதா நம் தலைப்பு? பார்த்தவர் எதை எடுத்துக்கொண்டு போனார் என்பதுதானே!

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1971-இல் 'ஆல் இன் த ஃபேமிலி' என்ற தொடர் வந்தது. அதன் நாயகன் ஆர்ச்சி பங்கர் கறுப்பின மக்களையும் யூதர்களையும் வாய்க்கு வந்தபடி இழித்துப் பேசுகிறவர். அந்தப் பேச்சின் அபத்தத்தைக் காட்டத்தான் தொடரே எழுதப்பட்டது. நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்வையாளர்களிடம் கேட்டு 1974-இல் முடிவை வெளியிட்டார்கள். காழ்ப்பு மிகுந்தவர்கள்தான் ஆர்ச்சியை அதிகம் மெச்சினார்கள். வாதத்தில் கடைசியில் ஜெயிப்பவரும் அவரே என்று சொல்லும் போக்கும் அவர்களிடமே கூடுதலாக இருந்தது. தொடர் என்னவோ இரு தரப்புக்கும் பிடித்திருந்தது! அதனால்தான் சொல்கிறேன், அரங்கம் சிரித்தது, படம் ஓடியது என்பதையெல்லாம் சான்றாகக் கொண்டுவராதீர்கள். ஒரே சிரிப்பொலிக்குள் இரண்டு சிரிப்பு இருக்கிறது. ஒன்று அவனைப் பார்த்துச் சிரிப்பது, இன்னொன்று அவனோடு சேர்ந்து சிரிப்பது.

இது ஏன் நடக்கிறது? திரைமொழி வேலை செய்யும் விதம் அப்படி. யாருடைய முகம் அண்மைக் காட்சியில் அதிக நேரம் நிற்கிறதோ, யாருடைய வீட்டுக்குள் கேமரா போகிறதோ, யாருக்காக இசை எழுகிறதோ, அவரோடு மனம் ஒட்டிக்கொள்கிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பு பிறகுதான் வருகிறது. 1915-இல் வந்த 'த பர்த் ஆஃப் எ நேஷன்' இதற்குக் கொடிய சான்று. அந்தப் படம் வீரர்களாகக் காட்டிய வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் அந்த ஆண்டே மீண்டும் உயிர்பெற்றது. 1930-களின் தொடக்கத்தில் பீட்டர்சன், தர்ஸ்டன் என்ற ஆய்வாளர்கள் இலினாய் மாநிலப் பள்ளி மாணவர்களுக்கு அதே படத்தைக் காட்டி, முன்னும் பின்னும் அவர்கள் மனப்பான்மையை அளந்தார்கள். கறுப்பின மக்கள் மீதான வெறுப்பு கூடியிருந்தது. ஐந்து மாதம் கழித்து அளந்தபோதும் அதில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"அது இனவெறியை ஆதரித்த படம், நாங்கள் பேசுவது எதிர்க்கும் படங்களை" என்பீர்கள். சரி, எதிர்க்கும் படத்துக்கே வருகிறேன். 1998-இல் வந்த 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்'. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாயகன் அமெரிக்காவின் நவ நாஜி இனவெறிக் கூட்டத்தில் இருந்த நாட்கள் கருப்பு வெள்ளையில், முறுக்கேறிய உடலோடு, மெதுவோட்டத்தில், கம்பீரமாக வருகின்றன. சாப்பாட்டு மேசையில் அவன் தங்குதடையின்றிப் பொழிகிறான். அங்கே அதே வேகத்தோடு திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. பதில் எங்கே வருகிறது? பல காட்சிகள் தள்ளி, அவன் சிறைக்குப் போன பிறகு. இன்று படங்களை முழுதாக மட்டுமா பார்க்கிறார்கள்? இரண்டு நிமிடத் துண்டாக வெட்டினால் விஷம் மட்டும் பயணப்படும், மருந்து படத்திலேயே தங்கிவிடும்.

திருந்துகிற பாத்திரம் இன்னும் சிக்கல். 2017-இல் வந்த 'த்ரீ பில்போர்ட்ஸ்' படத்தில் டிக்சன் என்ற காவலர், காவலில் இருந்த கறுப்பினத்தவர் ஒருவரைச் சித்திரவதை செய்தவர் என்று பேசப்படுகிறார். அந்தக் காட்சி திரையில் இல்லை. அடிபட்டவருக்கு முகம் இல்லை. டிக்சன் தீயில் வெந்து துடிப்பதை மட்டும் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். கண்ணீர் யாருக்குப் போகும், சொல்லுங்கள்! நடிப்பு அருமை, சாம் ராக்வெல்லுக்கு ஆஸ்காரும் கிடைத்தது. அந்த அருமைதான் ஆபத்தைக் கூட்டுகிறது.

சரி, அவனை முழு அரக்கனாகவே காட்டிவிட்டால்? இங்கேதான் நல்லவர்களாகிய நாமே மாட்டிக்கொள்கிறோம். 1947-இல் யூனிஸ் கூப்பர், மரீ யஹோடா இருவரும் எழுதிய ஓர் ஆய்வு உண்டு. காழ்ப்புக்கொண்ட ஒரு மனிதரைக் கேலி செய்யும் சித்திரங்களைக் காழ்ப்புக்கொண்டவர்களிடமே காட்டினார்கள். சிலர் தங்களை அவரிடமிருந்து விலக்கிக்கொண்டார்கள். கேலி தங்களைச் சுடும் முன்பே தப்பிவிட்டார்கள். எச்சில் தெறிக்கக் கத்துகிறவனைத் திரையில் பார்த்துவிட்டு, "நான் இப்படி இல்லை" என்ற நிம்மதியோடு எழுந்து போவதும் இதே தப்பித்தல்தான். வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் சிரித்த முகத்தோடு "இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்கிறவருக்கு அந்த அரக்கன் கண்ணாடி ஆக மாட்டான், கேடயம் ஆவான். அதே அரங்கில், அந்த வசை யாரைக் குறிக்கிறதோ அவரும் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமல் அவர் படும் பாட்டை எந்த வசூல் கணக்கு சொல்லும்?

சரியாக எடுத்த படமே இல்லையா என்றால், உண்டு. 1967-இல் வந்த 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' படத்தில் வெள்ளைப் பண்ணை முதலாளி கறுப்பினத் துப்பறிவாளர் டிப்ஸை அறைகிறார். டிப்ஸ் அந்தக் கணமே திருப்பி அறைகிறார். அடியும் பதிலடியும் ஒரே காட்சியில். எங்கே வெட்டினாலும் பிரியாது. அது திட்டமிட்டுச் செய்த தொழில்நுட்பம். அது இல்லாத படங்களைத்தான் இங்கே குற்றம் சாட்டுகிறோம், அவையே அதிகம்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒரே கோரிக்கை. நீங்கள் கொண்டுவரும் படத்தில் இனவெறியன் இல்லாத இடத்தில் பாதிக்கப்பட்டவர் எத்தனை நிமிடம் வருகிறார் என்று எண்ணிச் சொல்லுங்கள். அவன் வசனத்துக்கான பதில் எத்தனையாவது காட்சியில் வருகிறது என்று சொல்லுங்கள். பார்த்தவர்களுக்குப் பாதிக்கப்பட்டவரின் பெயர் நினைவிருக்கிறதா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள். அந்தக் கணக்கு உங்கள் பக்கம் இருந்தால் அந்தப் படத்தை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறோம்.

நடுவர் அவர்களே, நன்றி.