வாசலைத் தாண்டிப் போவது என்ன?

(பினாங்கில் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

பசுமை வளாகம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். மரம் நட்டதையும் கூரையில் சூரியத் தகடு போட்டதையும் சொன்னால் கைதட்டு கிடைத்துவிடும். நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. ஒரு பல்கலைக்கழகம் பசுமையா இல்லையா என்று பார்க்க நான் அதன் பின்வாசலில் போய் நிற்பேன். மழைத்தண்ணீர் எப்படி வெளியேறுகிறது, குப்பை எவ்வளவு வெளியேறுகிறது, இந்த இரண்டும் எனக்குப் போதும். முன்வாசல் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது நம் யூஎஸ்எம், 1969இல் தொடங்கி 1971இல் தீவிலுள்ள மிண்டன் என்ற பழைய இராணுவ முகாமுக்குக் குடிவந்தது. இன்றும் தலைமை வளாகம் அதுதான். நிலைத்தன்மைக் கல்விக்கான வட்டார மையமாக ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகம் 2005இல் பினாங்கை ஏற்றது, அதன் இருப்பிடமும் இங்கேதான். 2008இல் ஏபெக்ஸ் தகுதி, அதாவது உலகத் தரத்துக்கு உயர்த்த அரசாங்கம் தரும் சிறப்புத் தகுதி, வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், நுழைவாயில் பலகையிலேயே பாதி இருக்கும்.

உங்களில் பலர் போய்ப் பார்த்திருக்காத ஓர் இடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். தீவுக்கு எதிரே பெருநிலத்தில், நிபோங் திபாலில் இருக்கும் யூஎஸ்எம் பொறியியல் வளாகம். அது பழைய செம்பனைத் தோட்ட நிலம். தட்டையான தாழ்ந்த பூமி, பக்கத்தில் கிரியான் ஆறு. தண்ணீர் வடிவதற்குச் சரிவே கிடையாது. இப்படிப்பட்ட நிலத்தில் கட்டடம் எழுப்புகிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? கான்கிரீட் லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், வெட்டுவார்கள். மழை விழுந்ததும் தண்ணீரைச் சீக்கிரம் ஆற்றில் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. உங்கள் வளாகம் காய்ந்துவிடும், கீழே குடியிருப்பவன் வீட்டுக்குள் தண்ணீர் வரும். 2017 நவம்பர் வெள்ளத்தை இந்த மாநிலத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பெருமழை ஒரு காரணம். ஆனால் மண்ணை மூடி மூடிக் கட்டியதும் சேர்ந்துதான் தண்ணீர் நிற்க இடமில்லாமல் போனது.

பொறியியல் வளாகத்தில் வேறு மாதிரி செய்தார்கள். நகர்ப்புற மழைநீரை விழும் இடத்திலேயே கட்டுப்படுத்து என்று வடிகால், நீர்ப்பாசன இலாகா 2001 முதல் புதிய விதிமுறை கொண்டுவந்த காலம் அது. பல்கலைக்கழகத்தின் ஆற்றுப் பொறியியல் ஆய்வு மையம் அதற்கு முன்மாதிரியாக வளாகம் முழுவதற்கும் ஓர் இயற்கைசார் வடிகாலை அமைத்தது. பையோஇகோட்ஸ் என்று பெயர். கட்டடத்தைச் சுற்றிச் சாதாரணப் புல் பள்ளம்தான் தெரியும். அதற்குக் கீழே மணல், மணலுக்குக் கீழே துணிபோன்ற வடிகட்டி சுற்றிய, ஓட்டை நிறைந்த பிளாஸ்டிக் பெட்டிகள் வரிசையாகப் புதைந்திருக்கின்றன. மழைத்தண்ணீர் புல்லில் மெதுவாக நகரும், கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும், மிச்சம் அந்தப் பெட்டிகள் வழியாகப் போகும். பெருமழை என்றால் தண்ணீர் தங்கிக்கொள்ள உலர்குளங்கள் உண்டு. வெயில் நாளில் பார்த்தால் குளம் என்றே சொல்ல மாட்டீர்கள், பையன்கள் பந்து விளையாடலாம். கடைசியில் ஒரு பெரிய தேக்கக் குளம், அதற்கடுத்து நீர்த்தாவரங்கள் நட்ட ஈரநிலம். அழுக்கை வேர்களிடம் விட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஆற்றுப் பக்கம் போகும்.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. இதை ஒரு மாணவர் குழு வாரக் கடைசியில் வந்து செய்யவில்லை. கட்டும்போதே கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மூன்றாண்டு, நான்காண்டில் நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள், புல் அங்கேயே இருக்கும். அதை வெட்டுவதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறார். ஆர்வத்தை மட்டும் நம்பி ஆரம்பித்த திட்டங்கள் செமஸ்டர் விடுமுறையில் எப்படிச் செத்துப்போகின்றன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி குப்பை. இது கொஞ்சம் சங்கடமான பகுதி.

தீவில் நாம் போடும் குப்பை பத்து மாவுங் மாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டிப் பூலாவ் பூரோங் நிலநிரப்பிடத்துக்கு, அதாவது குப்பையைக் கொட்டிப் புதைக்கும் இடத்துக்கு, போகிறது. அது எங்கே இருக்கிறது தெரியுமா? நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அந்தப் பொறியியல் வளாகம் இருக்கிற அதே தென் செபராங் பிறையில்! மழைத்தண்ணீரைக்கூட அடுத்தவர் தலையில் கொட்டக்கூடாது என்று அந்த வளாகம் பார்த்துப் பார்த்துச் செய்தது. ஆனால் மிண்டனில் நாம் சாப்பிட்டுவிட்டுப் போடும் சாப்பாட்டுப் பெட்டி அதன் பக்கத்து ஊருக்கே போகிறது. 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் தீப்பிடித்து, பல நாள் புகைந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்? கரும்புக் காலத்திலிருந்தே நம் ஆட்கள் உழைத்த தோட்டப் பகுதி அது.

சாப்பாடு கட்டும் வெள்ளை நுரைப் பெட்டிக்கு, அதாவது பொலிஸ்டிரின் பெட்டிக்கு, ‘வெள்ளைச் சவப்பெட்டி’ என்று பெயர் வைத்து, அதை வளாகத்திலிருந்து விரட்டியவர்கள் இதே யூஎஸ்எம் மாணவர்கள்தான். அந்தப் பிரச்சாரத்தை இன்றும் மரியாதையோடு சொல்வேன். மாநிலமும் சும்மா இருக்கவில்லை. 2009இல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்றார்கள், 2011இலிருந்து எல்லா நாளும் இல்லை என்றார்கள். இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே பினாங்குப் பயனீட்டாளர் சங்கத் தலைவர் எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள் இதைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார், 2019இல் கண்ணை மூடும் வரைக்கும். ஆனால் வெள்ளைப் பெட்டி போய்ப் பழுப்புப் பெட்டி வந்தது. அதன் உட்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வரும். குழம்பு ஊறாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். காகிதம் என்று நினைத்து மனநிம்மதியோடு தூக்கிப் போடுகிறோம்.

நம் விழாக்களில் வாழை இலை போடுகிறோமே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் இலை, சோறு, தண்ணீர்ப் போத்தல், கப்பு எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் அள்ளிக் கட்டுகிறோம். அந்த இலை காற்றில்லாமல் குப்பைக்கடியில் அழுகி மீத்தேன் ஆகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் சூடேற்றும் வாயு அது. அதே இலையும் சோறும் காய்ந்த சருகோடு கலந்து, காற்றுப்பட அவ்வப்போது கிளறினால் எருவாகும். மிண்டனில் சருகுக்கா பஞ்சம்? மழைமரங்கள் தினமும் கொட்டுகின்றன.

ஆகையால் வருகிற பொங்கல் விழாவுக்கு ஒரு வேண்டுகோள். வரவுசெலவு எழுதும் தங்கச்சி இங்கே இருப்பார் என்று நினைக்கிறேன். மேடை அலங்காரத்துக்கு ஒதுக்குவதில் கொஞ்சம் குறைத்து, ‘தட்டும் தம்ளரும் வாடகை, கழுவுகிறவர் கூலி’ என்று ஒரு வரி சேருங்கள். அதைத் தொண்டர்கள் தலையில் கட்டாதீர்கள், மூன்றாவது பந்தியில் ஆள் காணாமல் போய்விடுவார்கள். (சிரிப்பு) இலைக்கும் மிச்சச் சோற்றுக்கும் தனித் தொட்டி வையுங்கள். தொட்டி பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும், போத்தலைப் போட வருகிற கையைப் பிடிக்கட்டும். அந்தத் தொட்டியை யார், எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் எடுத்துப் போவார்கள் என்று வளாகத் தோட்டப் பிரிவிடம் பேசிவிடுங்கள். சாப்பாட்டுக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசுங்கள்.