ஐந்து மணி நேரக் களப்பணி

நேயர்களுக்கு அன்பு வணக்கம். சுற்றுச்சூழல் கல்வியில் ஒரு பெண் பேராசிரியரின் பணி என்னும் பொருளில் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊரில் பிறந்து, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கே பாடம் நடத்தியவள் என்பதால், அங்குள்ள தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் என் பணியைப் பற்றிச் சொல்ல இயலாது.

கேரளம் முழுவதும் மழை கொட்டும் என்று எண்ணுவோர் பலர். எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய எங்கள் கிழக்குப் பஞ்சாயத்துகளோ மழை குறைந்தவை. தமிழ்நாட்டுடனான பரம்பிக்குளம் ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி, எல்லையை ஒட்டிய மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் வந்துசேர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரை நம்பித்தான் சித்தூர்ப் பாசனம் நடக்கிறது. வாய்க்கால் எட்டாத காடுகளுக்கு, அதாவது விளைநிலங்களுக்கு, கிணறும் போர்வெல்லுமே கதி.

நான் படித்தது வேதியியல். சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளங்கலை மாணவர் அனைவருக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தபோது, அதை நடத்தத் தனித்துறையும் இல்லை, முன்வருவாரும் இல்லை; பணியில் இளையவர்கள் தலையில், அதிலும் பெண்கள் தலையில், அது வந்து விழுந்தது. எனக்கு அது வாராது வந்த வாய்ப்பாகவே பட்டது.

அந்தப் பாடத்திட்டத்தின் 50 மணி நேரத்தில் 5 மணி நேரம் களப்பணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 100 மதிப்பெண்ணில் 25 அதற்கே. பல இடங்களில் அது ஒருநாள் சுற்றுலாவாகவோ, ஒருவர் எழுதிய அறிக்கையை மற்றவர்கள் பார்த்து எழுதுவதாகவோ முடிந்துபோகிறது. பாடத்தின் உயிர் அந்த ஐந்து மணி நேரத்தில்தான் இருக்கிறது என்பது அன்றும் இன்றும் என் உறுதியான கருத்து.

என் மாணவிகள் செய்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன். மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் கிணற்று நீரை அளந்து ஊற்றி, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். மென்னீரில் சில சொட்டுகளிலேயே நுரை எழும்பி நிற்கும். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தயிர்த்திரி போல் வெள்ளையாகப் படிந்துவிடும்; அவை தீரும்வரை நுரை நிற்காது. எத்தனை சொட்டு என்று குறித்துக்கொண்டால் போதும், இரண்டு கிணறுகளை ஒப்பிட்டுவிடலாம். செலவென்று சொல்ல எதுவும் இல்லை.

நாங்கள் அதைச் செய்துகொண்டிருந்த ஒரு களத்தில், தோட்டத்துப் பாட்டி அருகில் வந்து நின்று, “பருப்பு வேகோணும் கண்ணு, அப்பத்தான் அது நல்ல தண்ணி” என்றார். பருப்பில் உள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளைக் கால்சியம் இறுக்கிவிடுவதால் கடினநீரில் பருப்பு எளிதில் வேகாது. ஆய்வுக்கூடத்தில் நான் கற்றதைப் பாட்டி அடுப்படியில் அறிந்திருந்தார். அன்றிலிருந்து, களப்பணிக்கான கேள்விப் பட்டியலின் முதல் கேள்வியை வீட்டுப் பெண்களிடமே கேட்டு வாங்கி வரும்படி மாணவிகளிடம் சொல்லத் தொடங்கினேன்.

இது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதும் அன்று. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு குளிர்பான ஆலை வந்த பிறகு, கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாமல் போனதை முதலில் உணர்ந்து சொன்னவர்கள் அவ்வூர்ப் பெண்கள். இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அவர்களை முன்னின்று நடத்தினார். 2002 ஏப்ரல் 22 அன்று தொடங்கிய அந்தப் போராட்டத்தின் விளைவாக 2004 மார்ச்சில் ஆலையில் உற்பத்தி நின்றது. அளவைகள், அறிக்கைகள், வழக்குகள் எல்லாம் அப்பெண்களின் வாய்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தவை.

ஆய்வுப் பட்டத்துக்காக நான் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தேன். மோட்டார் போடுவதற்கு முன் அளந்தால்தான் அது நிலைமட்டம். ஆகவே விடியுமுன் காட்டில் நிற்க வேண்டும். கைக்குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டதால் அது நடந்தது. அந்த உதவி வாய்க்காமல் ஆய்வையே விட்டுவிட்ட தோழிகள் எனக்கு உண்டு. அவர்களுடைய அறிவு நாட்டுக்குக் கிடைக்காமல் போனதை நினைக்கும்தோறும் மனம் வேகிறது. பதவி உயர்வுக் குழுவோ, ஆங்கில இதழ்களில் வந்த கட்டுரைகளை எண்ணியது. ஊராருக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்த கிணற்று அறிக்கைகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கணக்கு மாற வேண்டும்.

தலைச்சேரியில் 1897இல் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், சென்னையில் கற்பித்து, மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்று, எங்கள் எல்லைக்கு அப்பால் கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். எண்பது வயதிலும், எங்கள் மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணையிலிருந்து காக்கக் குரல் கொடுத்தார். நுண்ணோக்கியில் கண்ட செடியும் காட்டில் நின்ற செடியும் அவருக்கு ஒரே கல்வியாக இருந்தன.

எங்கள் பகுதியில் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்கள், மலையாளமும் ஆங்கிலமும் சூழ்ந்த வகுப்பறையில் முதலில் வாய் திறப்பதில்லை. கிணற்றடியில் அவர்களே பேசுகிறார்கள், மற்றவர்கள் கேட்டு எழுதுகிறார்கள். கல்லூரி ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்த ஐந்து மணி நேரத்தை ஒரே நாளில் முடிக்காமல், கோடைக்கு முன்பும் மழைக்குப் பின்பும் எனப் பிரித்து, அதே கிணறுகளை ஆண்டுதோறும் அளக்கச் செய்யுங்கள். அளவுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, ஒரு படியைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் மற்றொன்றை ஊர் வாசகசாலையிலும் வையுங்கள். பெற்றோர்களே, உங்கள் மகள் விடியற்காலையில் நீர்மட்டம் அளக்கப் போக வேண்டும் என்றால், தடுக்காமல் துணைக்குச் சென்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.