சுவர் சாயும்போது கேமரா எங்கே நின்றது?

வணக்கம் நண்பர்களே, இன்றைக்கு ஒரே ஒரு ஷாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' என்ற மௌனப் படத்தில் வருவது அது. ஊரையே புரட்டிப்போடும் புயலில் நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் ஒரு வீட்டுக்கு முன்னால் வந்து நிற்பார், அந்த வீட்டின் முன்சுவர் மொத்தமும் பெயர்ந்து அப்படியே அவர்மேல் சாயும், ஆனால் மாடி ஜன்னல் திறந்திருக்கும், அது சரியாக அவர் நிற்கிற இடத்தில் வந்து இறங்குவதால் ஆள் மட்டும் நின்றபடி நிற்பார். நிஜமாகவே கனமான சுவர். டூப் இல்லை. ஜன்னல் சட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் சில அங்குலம்தான்.

அவருடைய தைரியத்தை எல்லோரும் பேசுகிறார்கள், பேசவேண்டியதுதான். ஆனால் நமக்குச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? கேமரா தள்ளி நிற்பதிலிருந்துதான் என்பேன். சுவர் தெரிகிறது, ஜன்னல் தெரிகிறது, ஆள் தலைமுதல் கால்வரை தெரிகிறார், சாய ஆரம்பித்ததிலிருந்து தரையைத் தொடும்வரை கட் கிடையாது. அவருக்குத் தெரியாத ஒன்று நம் கண்ணெதிரே நடக்கிறது. இதையே முகத்துக்கு ஒரு க்ளோசப், சுவருக்கு ஒரு ஷாட் என்று வெட்டியிருந்தால் பயம் வந்திருக்கும், சிரிப்பு வந்திருக்காது.

இது மேடையிலிருந்து வந்த பழக்கம். கீட்டன் குழந்தையிலிருந்தே அப்பா அம்மாவோடு வோட்வில் (பாட்டு, ஆட்டம், வேடிக்கை எல்லாம் கலந்த மேடை நிகழ்ச்சி) மேடைகளில் நடித்தவர், அப்பா அவரைத் தூக்கி எறிவதுதான் நிகழ்ச்சியே! தான் சிரிக்காமல் இருந்தால் கூட்டம் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். மேடையில் க்ளோசப் ஏது, உடம்பு முழுவதும்தான் பேசவேண்டும்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இந்தச் சுவர் 1928-இல் திடீரென்று விழவில்லை. 1919-இல் 'பேக் ஸ்டேஜ்' படத்தில், கீட்டனோடு சேர்ந்து நடித்த நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிள்மேல் விழுவது ஒரு நாடக மேடையின் செட். அடுத்த வருடம் 'ஒன் வீக்' படத்தில் வீட்டுச் சுவர், கீட்டன்மேல். அதற்கப்புறம்தான் இந்தப் புயல். ஒரே வேடிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டு, எடையை மட்டும் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்!

இன்றைய காமெடிகளில் ஒருவர் விழுந்தால் உடனே சுற்றியிருப்பவர்கள் முகத்தைக் காட்டி, ஒரு சத்தத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். விழுந்ததைப் பார்க்கவே விடுவதில்லை, எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

'ஒன் வீக்' சின்னப் படம்தான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், பிறகு 1928-க்கு வாருங்கள்.