ஏட்டுச் சுரைக்காயும் மைலோ டின்னும்

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் இலக்கிய ஆய்வு மாணவர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, அமர்வுக்குத் தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் அவர்களே, பினாங்கிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்து, வந்த களைப்பும் தெரியாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, விடுமுறை நாளையும் பொருட்படுத்தாமல் மாணவர்களை அழைத்து வந்திருக்கும் தமிழாசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். டத்தோ அவர்களுக்கு இரண்டாவது வணக்கமும் உண்டு. இந்த அரங்கத்தை வாடகை வாங்காமல் கொடுத்ததோடு, சென்ற ஆண்டு நான் குறைப்பட்டுக்கொண்டேன் என்பதற்காக ஒலிபெருக்கியையும் மாற்றியிருக்கிறார்கள். பேராசிரியர் அவர்கள் எனக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஐந்து நிமிடம் இந்த நன்றியிலேயே போகும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

டத்தோ அவர்கள் வழக்கறிஞர். தமது திறப்புரையில், மனித உரிமைச் சட்டம் எங்கள் வயல், அதில் இலக்கியக்காரர்களுக்கு என்ன அறுவடை என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நம் மாணவர்கள் அந்த வயலுக்குள் இறங்கி வெகுநாளாயிற்று. தோட்டத்து நாவலையோ, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பற்றிய கதையையோ ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாணவர், இரண்டாம் இயலை எட்டுவதற்குள் 'அனைத்துலக மனித உரிமைச் சட்டத்தின்படி' என்று எழுதிவிடுகிறார். அது எந்தச் சட்டம், எந்த ஆண்டுச் சட்டம், யாரைக் கட்டுப்படுத்தியது என்று கேட்டால், ஓர் ஆங்கிலக் கட்டுரையைக் காட்டுகிறார். என் கூட்டங்களுக்கு வந்து பழகியவர்களுக்கு இந்த இடத்தில் நான் எந்தப் பழமொழியைச் சொல்வேன் என்று தெரியும். சிலர் இப்போதே சிரிக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டில் இருப்பது சுரைக்காயா, சுரைக்காயைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரையா என்றுகூடப் பார்க்காமல் அடுப்பை மூட்டுகிறோம் என்பதுதான் என் வருத்தம். ஆகவே ஒரு சான்றை மதிப்பிட ஐந்து சோதனைகளை இன்று சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன்.

முதல் சோதனை, கையில் இருப்பது சட்டமா, சட்டத்தைப் பற்றிய பேச்சா என்பது. உலக மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில், ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நிறைவேறியது. 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவர் இல்லை, 8 நாடுகள் நடுநிலை வகித்தன. அது வாக்கெடுப்பில் நிறைவேறிய பிரகடனம். நாடுகள் கையெழுத்திட்டுச் சேரும் ஒப்பந்தம் அன்று. மலாயாவோ 1957இல்தான் ஐ.நா.வில் உறுப்பியம் பெற்றது. எனவே 'மலேசியா கையெழுத்திட்ட உலக மனித உரிமைப் பிரகடனம்' என்று தொடங்கும் கட்டுரை கையில் கிடைத்தால், அதை எழுதியவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் மூடி வைத்துவிடலாம். கட்டுப்படுத்தும் தன்மையுடைய இரண்டு பெரும் உடன்படிக்கைகள், குடிமை அரசியல் உரிமைகளுக்கு ஒன்றும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு ஒன்றுமாக, 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடப்புக்கு வந்தன. அவ்விரண்டிலும் நம் நாடு இன்றுவரை சேரவில்லை. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான ஒப்பந்தங்களில் சேர்ந்திருக்கிறது, அதுவும் சில விதிகளுக்கு விலக்குச் சொல்லிக்கொண்டு. சேர்ந்த ஒப்பந்தமும் நாடாளுமன்றம் அதற்கென ஒரு சட்டம் இயற்றும் வரை நம் நீதிமன்றத்தில் நேரடியாகச் செல்லாது என்பதே இங்குள்ள பொதுநிலை. டத்தோ அவர்கள் தலையசைக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் என்று அவர்களும் மனத்துக்குள் சொல்லிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். பிரகடனம் நம் சட்டத்துக்குள் எட்டிப்பார்க்கும் இடம், மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமை அமைத்த 1999ஆம் ஆண்டுச் சட்டம். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தோடு முரண்படாத அளவுக்குப் பிரகடனத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு சொல்கிறது. அந்த 'அளவுக்கு' என்ற சொல்லை விட்டுவிட்டு மேற்கோள் காட்டும் கட்டுரைகள் நிறைய உண்டு.

அறிஞர்களின் எழுத்துக்கு என்ன மதிப்பு என்பதை அனைத்துலக நீதிமன்றத்தின் சாசனமே 38ஆம் விதியில் சொல்லிவிட்டது. ஒப்பந்தம், வழக்காறு, பொதுக் கோட்பாடுகள் ஆகியவற்றுக்குப் பின்னால்தான் அறிஞர்களின் கருத்து வருகிறது, அதுவும் துணைக்கருவியாக. இன்னொன்றையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 'சக அறிஞர்களால் சரிபார்க்கப்பட்ட இதழ்' என்ற அளவுகோலை நாம் இலக்கியத் துறையிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போகிறோம். அமெரிக்காவின் பெயர்பெற்ற சட்ட இதழ்கள் பலவற்றை, ஹார்வர்டு இதழ் உட்பட, நடத்துபவர்கள் சட்ட மாணவர்களே; எந்தக் கட்டுரை வரவேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் அவர்களே. அதனால் அவை மட்டம் என்று ஆகிவிடாது. ஆனால் ஸ்கோப்பஸ் என்னும் ஆய்விதழ்ப் பட்டியலில் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் கும்பிடு போடும் பழக்கம் இங்கே உதவாது என்று ஆகிறது.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் கூடுகிறது. 1946 முதல் 2006 வரை இருந்தது மனித உரிமை ஆணையம். அதற்குப் பதிலாக வந்தது 47 நாடுகளின் பிரதிநிதிகள் அமரும் மனித உரிமைப் பேரவை. இவை இரண்டும் அல்லாமல், குடிமை அரசியல் உரிமை உடன்படிக்கையைக் கண்காணிக்க 18 வல்லுநர்களைக் கொண்ட மனித உரிமைக் குழு ஒன்றும் உண்டு. அரசுகள் வாக்களித்துச் சொல்வதும் வல்லுநர்கள் ஆராய்ந்து சொல்வதும் ஒரே எடையுள்ளவை அல்ல. நம் ஆய்வேடுகளிலோ மூன்றும் 'ஐ.நா. மனித உரிமைக் குழு' என்ற ஒரே பெயரில் உலவுகின்றன.

இரண்டாம் சோதனை, ஆண்டு. சயாம் ரயில்பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர்; 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களைக் கொண்டுபோனது அதற்குத்தான். அதைப் பற்றிய கதையை ஆராயும் மாணவர் 1948ஆம் ஆண்டுப் பிரகடனம் மீறப்பட்டது என்று எழுதினால், பிறக்காத பிள்ளைக்குக் காது குத்துகிறார். அன்று நடப்பில் இருந்தது 1930ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்பு ஒப்பந்தம்; ஜப்பான் அதை 1932இலேயே ஏற்றிருந்தது. தண்டனை மிரட்டலின் கீழ், ஒருவர் தாமாக முன்வராத நிலையில் வாங்கப்படும் வேலை கட்டாய உழைப்பு என்று அது சொல்கிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் லாரியை நிறுத்தி ஆளை ஏற்றியதாகப் பாட்டிகள் சொன்ன கதைக்கு இதைவிடப் பொருத்தமான வரி எங்கே கிடைக்கும்? ஆனால் அதே ஒப்பந்தம் போர் முதலிய நெருக்கடிக் காலத்துக்கு ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. அந்த விலக்கு இங்கே செல்லுமா என்று வாதாடியிருக்கும் கட்டுரையை நம்பலாம். விலக்கு ஒன்று இருப்பதையே சொல்லாமல் கடந்து போகும் கட்டுரையை, அது நம் பக்கமே பேசினாலும், நான் நம்ப மாட்டேன்.

மூன்றாம் சோதனை, அடிக்குறிப்பின் வழியே பின்னோக்கி நடப்பது. இதை ஒரு கதையாகத்தான் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தம் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை என்னிடம் கொண்டுவந்தார். சயாமில் மாண்ட தமிழர்களின் தொகை என்று அதில் ஓர் எண் இருந்தது. அந்த எண்ணை நான் இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது குறித்துக்கொள்வீர்கள். எங்கிருந்து கிடைத்தது என்றேன். வெளிநாட்டு ஆங்கில இதழ் ஒன்றைக் காட்டினார். அதன் அடிக்குறிப்பு இன்னோர் ஆங்கிலக் கட்டுரைக்குப் போயிற்று. அக்கட்டுரை ஒரு மாநாட்டு மலருக்கு அனுப்பியது. மலரைத் தேடி இரண்டு மாதம் அலைந்தோம். கடைசியில் ஓர் ஆசிரியரின் வீட்டில், பீரோவின் கால் ஆடாமலிருக்க முட்டுக்கொடுத்திருந்த இடத்தில் கிடைத்தது. கரையான் தின்றது போக மிஞ்சிய பக்கத்தில் அந்த எண் இருந்தது, அதன் கீழே ஒரு மாத இதழின் பெயரும் இருந்தது. மாத இதழைப் புரட்டினால், 'கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் டாக்டர் இன்னார் ஆற்றிய உரையிலிருந்து' என்று போட்டிருந்தது. மாணவி அந்தப் பெயரைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பெயரைப் படித்தார். அந்த இன்னார் நானேதான். தலைப்பெழுத்தைத் தப்பாகப் போட்டு, நான் வாங்காத டாக்டர் பட்டத்தையும் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணை நான் எங்கே பிடித்தேன் என்று கேட்டார். ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் சொன்னது என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. அவரும் கேள்விப்பட்டதைத்தான் சொல்லியிருப்பார். கூட்டத்தில் கைதட்டல் கிடைத்த எண் அது. இருபது ஆண்டில் கடல் கடந்து, ஆங்கிலம் பேசி, அடிக்குறிப்புகளை அணிந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறது. நான் விதைத்த ஏட்டுச் சுரைக்காயை என் வாசலிலேயே கொண்டுவந்து விற்றார்கள்.

சிரித்துவிட்டோம். ஆனால் நினைத்துப் பாருங்கள். அந்த ரயில்பாதையில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர், மாண்டவர்கள் 12,000க்கு மேல் என்று எழுத முடிகிறது. காரணம், அவர்களுக்குப் படைப்பதிவேடு இருந்தது, ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த கல்லறை தேடினார்கள். ஆசியத் தொழிலாளர் சாவுக்கு நூலுக்கு நூல் பல பத்தாயிரம் வேறுபடுகிறது. நம்மவர்களின் பெயர்கள் இருந்தது தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள்வருகைப் பதிவேட்டில். அந்தச் செக்ரோல் எங்கே?

நான்காம் சோதனை எழுதியவரின் சார்பு பற்றியது, ஐந்தாவது மொழிபெயர்ப்பு பற்றியது. பேராசிரியர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார்கள். அவ்விரண்டும் புத்தகங்களில் கிடைக்கும். நான் இப்போது சொல்லப்போவது கிடைக்காது. அதனால் மன்னிக்க வேண்டும்.

அந்த மாணவி அடுத்த முறை வந்தபோது ஒரு பழைய மைலோ டின்னைக் கொண்டுவந்தார். பச்சைச் சாயம் உதிர்ந்து, மூடி துருவேறி, திறக்கக் கரண்டிக்காம்பு தேவைப்பட்டது. பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை, ஒரு நிழற்படம், நான்காக மடித்த செக்ரோல் தாள் ஒன்று. தோட்டத்துக் கணக்கரான கிராணியின் பென்சில் எழுத்தில் ஆங்கிலத்தில் பெயர்கள், எதிரே நாள் வாரியாகக் கட்டங்கள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வந்தவர்களுக்குக் கோடு. தாத்தாவின் பெயருக்கு நேரே, மாதத்தின் நடுவில், 'எஸ்' என்ற ஓர் எழுத்து. அதன்பின் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எஸ் என்றால் சயாம் என்றார் பாட்டி. ஓய்வுபெற்ற கிராணி ஒருவரிடம் காட்டினோம்; எஸ் என்றால் சீக்கு, நோயாளிக்கு ஆங்கிலத்தில் போடும் எழுத்து அது என்றார். மனித உரிமைச் சட்டம் பேசும் அத்தனை கட்டுரைகளும் கடைசியில் இந்த ஓர் எழுத்தின் மேல் வந்து நிற்கின்றன. ஒன்று, கட்டாய உழைப்புக்குச் சான்று. மற்றது, காய்ச்சலுக்குச் சான்று. தீர்க்க ஒரு வழிதான் உண்டு. அடுத்தடுத்த மாதத்துச் செக்ரோல்களைப் பார்க்க வேண்டும். பெயர் திரும்ப வந்து கோடு விழுந்திருந்தால் சீக்கு. அந்தத் தோட்டம் தாமானாக, அதாவது வீடமைப்புப் பகுதியாக, மாறியபோது ஆபீஸ் காகிதங்களை ஒட்டுப்பால் கொட்டகைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள் என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள்.

தோட்டத்துக் காகிதங்களுக்கு ஒரு பொதுத் தொகுப்பு வேண்டும் என்று ஒன்பது ஆண்டுகளாக இதே மேடையில் கேட்டு வருகிறேன். டத்தோ அவர்களும் மேலிடத்தில் பேசுவதாகச் சென்ற ஆண்டு சொன்னார்கள். அதை நன்றியோடு நினைவூட்டுகிறேன். இன்று காத்திருக்கவில்லை. பின்வாசலில் ஒரு மேசையும் ஒரு ஸ்கேனரும் இருக்கின்றன, இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். மூலக் காகிதத்தை எங்களிடம் விட்டுவிட்டுப் போகவேண்டாம். படி எடுத்ததும் கையிலேயே தந்துவிடுவார்கள். எந்தத் தோட்டம், யாருடைய பெட்டியில் இருந்தது, யார் கொடுத்தது என்ற மூன்றையும் மட்டும் எழுதிக் கொடுங்கள். கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் உறவினர் இருப்பவர்கள் முதலில் வரவேண்டும். 1943ஆம் ஆண்டுச் செக்ரோல் ஒரு தாள் கிடைத்தாலும் போதும். அந்தப் பாட்டிக்குத் தொண்ணூற்று எட்டு வயது, ஒவ்வொரு ஞாயிறும் அந்த எழுத்து என்னவென்று தெரிந்ததா என்று பேத்தியிடம் கேட்கிறார்.