ஃபேக்டர் போடும்போது கை உப்பிட்டா என்ன செய்யணும்? ஹீமோஃபீலியா குழந்தைகள்: உங்கள் சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஒரு அம்மாகிட்ட இருந்து. பையனுக்கு நாலு வயசு, எடை 16 கிலோ, சிவியர் ஹீமோஃபீலியா ஏ, அதாவது ரத்தத்தை உறைய வெக்கிற ஃபேக்டர் 8ங்கற புரதம் உடம்புல கிட்டத்தட்ட இல்லாத நோய். வீட்டிலயே அந்த ஃபேக்டர் 8 மருந்தை ஊசியாப் போடப் பழகிட்டு இருக்காங்க. “ஊசி நரம்புல ஏறுது, ரத்தமும் வருது. ஆனா மருந்தைத் தள்ள ஆரம்பிச்சதும் அந்த இடம் உப்பிடுது. அந்த மருந்து கணக்குல வருமா, வராதா? எத்தனை தடவை குத்திப் பார்க்கலாம்? விழுந்து தலையில அடிபட்டா எவ்வளவு நேரம் பார்த்துட்டு மருந்து போடணும்?” இதுதான் கேள்வி.

கடைசியா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். வீடியோவைப் பாதியில நிறுத்துறவங்க இருப்பீங்க, அவங்களுக்கும் இது போய்ச் சேரணும். தலையில அடின்னா “பார்த்துட்டு” அப்படிங்கற பேச்சே கிடையாது. முதல்ல ஃபேக்டர், அப்புறம் ஆஸ்பத்திரி, அதுக்கப்புறம்தான் ஸ்கேன். விவரத்தைப் பின்னாடி சொல்றேன்.

இப்ப ஊசி. நாம நரம்புன்னு சொல்றது உண்மையில ரத்தக்குழாய், சிரை. நாலு வயசுக் குழந்தைக்குப் புறங்கையில அது நூல் மாதிரிதான் இருக்கும். நீங்க போடறது 23 இல்லேன்னா 25 கேஜ் பட்டர்ஃபிளை ஊசியா இருக்கும். அந்த ஊசி முனையை உத்துப் பாருங்க, சாய்வா வெட்டியிருக்கும். சாய்வோட கூர் நுனி உள்ள போனாலே டியூப்ல ரத்தம் வந்துடும். ஆனா அந்தச் சாய்வுல பாதி இன்னும் குழாய்க்கு வெளியில நிக்கும். ரத்தம் வந்துடுச்சுன்னு அங்கேயே நிறுத்தி மருந்தைத் தள்ளினா, பாதி உள்ள போகும், பாதி தோலுக்கு அடியில போகும். உங்க கேள்வியில “ரத்தமும் வருது, ஆனா உப்புது”ன்னு சொல்றீங்க பாருங்க, பெரும்பாலும் இதுதான் காரணம். ரத்தம் தெரிஞ்சதும் ஊசியைத் தோலோட ஒட்டினாப்புல தாழ்த்தி, இன்னும் ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் மெதுவா உள்ள தள்ளணும். தாழ்த்தாம அதே சாய்வுல தள்ளினா பின் சுவரைக் குத்திட்டு வெளிய போயிடும். அப்பவும் உப்பும்.

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது. குழாய் எழும்பறதுக்காகக் கையில கட்டின டோர்னிக்கெட்டை, அந்த ரப்பர் கட்டை, அவிழ்க்க மறந்துடறது. மேல வழி அடைச்சிருக்கும்போது கீழ இருந்து மருந்தை அழுத்தினா அந்த மெல்லிசுக் குழாய் வெடிக்காம என்ன செய்யும்? ரத்தம் வந்து, ஊசியை டேப் போட்டு ஒட்டினதும் அடுத்த வேலை அதை அவிழ்க்கறதுதான். மொத்தமாவே ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டி வெக்காதீங்க.

இதையெல்லாம் விட முக்கியமா ஒண்ணு சொல்றேன். நரம்பு சரியா கிடைச்சுதான்னு மருந்தை வெச்சுச் சோதிக்கவே கூடாது. சலைனை, அதாவது உப்புத்தண்ணியை வெச்சுத்தான் சோதிக்கணும். 5 மில்லி சிரிஞ்ச்ல 0.9 சதவீத சலைன் எடுத்து, பட்டர்ஃபிளை டியூப்ல மாட்டி, டியூப் முழுக்க நிரப்பிக்கோங்க. அந்தச் சிரிஞ்ச் மாட்டின மாதிரியே குத்துங்க. பிஸ்டனைத் துளி பின்னாடி இழுங்க, ரத்தம் வரணும். கட்டை அவிழ்த்துட்டு, ஒரு விரலை ஊசி முனைக்குக் கொஞ்சம் மேல லேசா வெச்சுக்கிட்டு, 1 மில்லி, 2 மில்லி மெதுவா தள்ளுங்க. உப்பினா விரலுக்குத் தெரியும். பையனும் வலிக்குதுன்னு சொல்வான். அங்க வீணாப் போனது உப்புத்தண்ணிதான், ஃபேக்டர் முழுசா பக்கத்துல பத்திரமா இருக்கும். சலைன் தடையில்லாம போனா, டியூப்பைக் கிள்ளிப் பிடிச்சுக்கிட்டு மருந்து சிரிஞ்சை மாத்துங்க. மருந்து சிரிஞ்சுக்குள்ள ரத்தத்தை இழுக்காதீங்க. ஃபேக்டரோட கலந்த ரத்தம் அங்கேயே உறைஞ்சு கட்டியாயிடும்.

மருந்து முடிஞ்சதும் மறுபடி சலைன் விடணும். அந்த மெல்லிய டியூப்ல என்ன இருந்துடப் போகுதுன்னு நினைக்காதீங்க. சில டியூப்ல 0.4 மில்லி வரைக்கும் நிக்கும். 500 யூனிட்டை 2.5 மில்லியில கரைக்கிற மருந்தா இருந்தா அது 80 யூனிட். ஆறுல ஒரு பங்கு மருந்தைக் குப்பைத் தொட்டியில போடற கணக்கு.

வேகத்துக்கு வருவோம். சின்னக் குழந்தைக்கு நிமிஷத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டாம ஏத்தறதுதான் பழக்கம். 500 யூனிட்னா 5 நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்க, பதட்டத்துல 5 நிமிஷம்னு நினைக்கறது ஒண்ணரை நிமிஷமாத்தான் இருக்கும். சில மருந்துகளை இன்னும் வேகமா விடலாம், அது பெட்டிக்குள்ள இருக்கற தாள்ல போட்டிருக்கும்.

சரி, உப்பிடுச்சு. என்ன பண்ணணும்? உடனே நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம்தானேன்னு தள்ளாதீங்க. ஊசியை எடுத்துட்டு காஸ் துணி வெச்சு, தேய்க்காம, 10 நிமிஷம் அழுத்திப் பிடிங்க. சாதாரணமா ஊசி எடுத்த பிறகு 5 நிமிஷம் போதும், இங்க குழாய் கிழிஞ்சிருக்கு. முழங்கை மடிப்புல குத்தியிருந்தா கையை மடக்கி வெக்கச் சொல்லாதீங்க, நீட்டி வெச்சு அழுத்தணும். சிரிஞ்ச்ல மிச்சம் இருக்கற மருந்தைக் கொட்ட வேண்டாம். ரத்தம் ஏறாம சுத்தமா இருந்தா, புது ஊசி மாட்டி அடுத்த கையில போடலாம். கலக்கின மருந்தைப் பெரும்பாலும் 3 மணி நேரத்துக்குள்ள போட்டுடணும், இதுக்கும் உங்க மருந்தோட தாளைப் பாருங்க.

தோலுக்கு அடியில போனது கணக்குல வருமான்னு கேட்டீங்க. வராது. ஃபேக்டர் 8 பெரிய மூலக்கூறு, அங்கிருந்து ரத்தத்துக்கு வந்து சேர்றது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். அதனால எத்தனை மில்லி உள்ள போச்சு, எத்தனை உப்பிடுச்சு, எத்தனை மிச்சம்னு எழுதி வெச்சு, உங்க சிகிச்சை மையத்து நர்ஸுக்குப் போன் பண்ணுங்க. உப்பின இடம் நேரம் போகப் போகப் பெருசாகுது, விரல் மரத்துப் போகுது, விரலை நீட்டினா துடிக்கிறான்னா போனோட நிக்காதீங்க, நேரா கூட்டிட்டுப் போயிடுங்க. முன்கைக்குள்ள ரத்தம் தேங்கி நரம்பை, நிஜமான நரம்பைச் சொல்றேன், அழுத்தலாம்.

எத்தனை தடவை குத்தலாம்? ரெண்டு. ரெண்டு தப்பினா ஊசியைக் கீழ வெச்சுடுங்க. அம்மாவுக்குத் தப்பினா அப்பா ரெண்டு தடவை பார்க்கலாம், ஆனா அதுக்கு நடுவுல பையன் அழுகை அடங்கட்டும். அழுது குளிர்ந்து போன கையில குழாய் சுருங்கிக்கும். அன்னிக்கு அவனுக்கு ரத்தக்கசிவு வராம இருக்க வழக்கமாப் போடற தடுப்பு டோஸ்தான்னா, மையத்தைக் கேட்டுட்டு சாயங்காலமோ மறுநாளோ போடலாம், வானம் இடிஞ்சு விழாது. ஏற்கெனவே முட்டி வீங்கியிருக்கு, மருந்து போட்டே ஆகணும்னா மூணாவது முயற்சிக்கு நேரம் செலவழிக்காம மருந்தைக் கையில எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. இந்தக் குழாய்களை அவன் ஆயுசு முழுக்க நம்பி இருக்கணும். ஒரே இடத்துல தினமும் குத்தாம மாத்தி மாத்திக் குத்தச் சொல்றதும் அதனாலதான்.

மரத்துப் போற கிரீம் போடறீங்களா? லிடோகெயின், பிரிலோகெயின் சேர்ந்த கிரீம்னா ஒரு மணி நேரம் மூடி வெக்கணும். எடுத்த உடனே குத்தினா தோல் வெளுத்து, குழாய் சுருங்கிப் போய்க் கண்ணுக்கே தெரியாது. துடைச்சுட்டு ஒரு 10 நிமிஷம் விடுங்க. அந்த நேரத்துல கையை வெதுவெதுப்பான தண்ணியில வெச்சாக் குழாய் எழும்பி வரும். முன்னாடியே நல்லாத் தண்ணி குடிக்க வெச்சிருக்கணும். நாலு பேர் பிடிச்சு அமுக்கறதை விட, மடியில உட்கார வெச்சுக் கட்டிப் பிடிச்சுக்கறது நல்லாப் பலன் தரும். எந்தக் கைன்னு அவனையே சொல்லச் சொல்லுங்க. பாட்டிலை உள்ளங்கையில வெச்சு உருட்டற வேலையையும் அவனுக்கே கொடுக்கலாம், ஆனா குலுக்கக் கூடாது. குலுக்கினா நுரை கட்டும், புரதம் கெட்டுப் போகும். வலிக்கவே வலிக்காதுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு தடவை நம்புவான், அடுத்த தடவை கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவான்.

இப்ப தலை அடி. கணக்கைப் போட்டுக் காட்டறேன். ஃபேக்டர் 8 ஒரு கிலோவுக்கு 1 யூனிட் போட்டா ரத்தத்துல அளவு 2 சதவீதம் ஏறும். தலைக்கு 100 சதவீதத்தை எட்டப் பார்ப்போம். 16 கிலோ, பெருக்கல் 100, அதுல பாதி: 800 யூனிட். வீட்டில 500 யூனிட் பாட்டில் இருந்தா ரெண்டையும் முழுசாப் போடுங்க. 200 யூனிட்டை மிச்சம் பிடிக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. மூட்டுல ரத்தம் கசிஞ்சா 50 சதவீதம், அப்படின்னா 400 யூனிட், அதுக்கு ஒரு பாட்டில். இந்த ரெண்டு எண்ணையும் உங்க டாக்டர்கிட்ட உறுதி பண்ணிக்கிட்டு, மருந்து வெக்கிற இடத்துல எழுதி ஒட்டி வெச்சுடுங்க. பையன் எடை ஏற ஏற மாத்தி எழுதணும். 16 கிலோ கணக்கை 20 கிலோ ஆன பிறகும் ஓட்டிட்டு இருக்கற வீடுகள் நிறைய.

“காலையிலதானே டோஸ் போட்டோம்”னு நீங்களா கழிச்சுக்காதீங்க. ஃபேக்டர் 8 சுமார் 8 மணி நேரத்துலருந்து 12 மணி நேரத்துல பாதியாயிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். வாந்தி, தூக்கக் கலக்கம், தலைவலி, காரணமில்லாத நச்சரிப்பு, இதெல்லாம் தெரிஞ்ச பிறகு போடலாம்னு உட்கார்ந்துடாதீங்க. அது தெரியறதுக்குள்ள உள்ள ரத்தம் தேங்கியிருக்கும். அடிபட்டு சில நாள் கழிச்சும் வரலாம். நரம்பு கிடைக்கலைன்னா ரெண்டு தடவைங்கற கணக்கு கூட வேண்டாம், ஒண்ணு தப்பினாலே மருந்தோட கிளம்பிடுங்க. ஆஸ்பத்திரியில ஃபேக்டர் இருப்பு இருக்கும்னு நம்பி வெறுங்கையோட போகாதீங்க. அங்க போய், ஸ்கேன் எடுத்துட்டுப் பார்க்கலாம்னு சொன்னா, மருந்து முதல்லன்னு அழுத்திச் சொல்லுங்க. வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம், இடுப்புல ஊசியும் வேண்டாம்.

ரத்தக்கசிவைத் தடுக்கற எமிசிஸுமாப்ங்கற மருந்து போடற குழந்தைகளோட பெற்றோரும் பார்த்துட்டு இருப்பீங்க. தோலுக்கு அடியில போடறது, வாரம் ஒரு தடவையோ மாசம் ஒரு தடவையோ, இந்த நரம்பு தேடற பாடே இல்ல. ஆனா தலை அடிக்கு அது மட்டும் போதாது, ஃபேக்டர் வேணும். இன்னொண்ணு, அந்த மருந்துல இருக்கற குழந்தைக்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பார்க்கற ஏபிடிடி டெஸ்ட் எடுத்தா நார்மல்னு காட்டும். அதைப் பார்த்து ஒண்ணுமில்லன்னு அனுப்பிடக் கூடாது, அதனால எந்த மருந்துல இருக்கான்னு போன உடனே சொல்லிடுங்க. இன்ஹிபிட்டர், அதாவது ஃபேக்டரை வேலை செய்ய விடாம உடம்பே உருவாக்கற எதிர்ப்புப் பொருள், இருக்கற குழந்தைன்னா மேல சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது, அவங்களுக்குத் தனி மருந்து, தனித் திட்டம்.

இந்த அம்மாவுக்குக் கடைசியா ஒண்ணு. சிவியர் ஏ குழந்தைகள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்காவது இன்ஹிபிட்டர் உருவாகுது, பெரும்பாலும் ஃபேக்டர் போட்ட முதல் 50 நாளுக்குள்ள. அதாவது மருந்தை உடம்பே எதிரியா நினைச்சு அழிக்க ஆரம்பிக்கும். சலைன் விட்டு, உப்பாம, முழு டோஸும் சரியா உள்ள போயும் எப்பவும் அடங்கற முட்டி வீக்கம் இந்தத் தடவை அடங்கலைன்னா, உங்க கையைக் குறை சொல்லிக்காதீங்க. மருந்து நோட்டுல தேதி, யூனிட், பாட்டில் மேல இருக்கற பேட்ச் எண், எந்தக் கை, உப்பிச்சா இல்லையா, எல்லாம் எழுதிட்டு வாங்கன்னு சொல்றது இதுக்குத்தான். அந்த நோட்டை எடுத்துட்டுப் போய் இன்ஹிபிட்டர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.