நாலு பேர் தூக்கிய கதை

நடுவர் அவர்களுக்கும் கல்லடிச் சனத்துக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளிகளின் சமத்துவத்துக்குப் பெருந்தடை சட்டத்தின் போதாமையா, சமூகத்தின் மனமா? மனம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். "மனம் மாறினால் சக்கர நாற்காலி பறக்குமா? படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டச் சீமெந்து வேண்டும். சீமெந்து போட வைக்கச் சட்டம் வேண்டும்" என்றார். எழுதி வந்த பேச்சை மடித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்காரப் போவதில்லை.

தம்பி, சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்த 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வழி வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதிகள் வந்தன. அப்படியே செய்யச் சொல்லி 2011 இல் உயர் நீதிமன்றமே கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2016 இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. அரச வேலையில் அவர்களுக்கு நூற்றுக்கு மூன்று இடம் ஒதுக்கச் சொன்ன சுற்றறிக்கை 1988 இல் வந்தது. அன்று பிறந்த பிள்ளைக்கு இன்று முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது.

சரி, சீமெந்துக்கு வருகிறேன்.

என் மாமியின் மூத்த மகள், எனக்கு மச்சாள். சின்ன வயதில் ஷெல் துண்டு முதுகெலும்பில் பட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். அவளுடைய தங்கச்சிக்குக் கலியாணம். மண்டபத்துக்குப் போனால் வாசலில் சாய்தளம் கட்டியிருக்கிறது தம்பி! ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில், கைபிடியும் வைத்து, அருமையான சீமெந்து வேலை. ஆனால் அதன் கீழ் முனையில் ஜெனரேட்டர். நடுவில் சோற்றுக் கிடாரம். மேலே சோடாப் போத்தல் பெட்டிகள். வைத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வெறும் இடம் கிடக்கிறதே என்று வைத்தார்கள். அந்த வழியால் ஒருத்தி வருவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜெனரேட்டரை நகர்த்துங்கள் என்று யாராவது சொன்னோமா? இல்லை. நாலு பொடியன்மார் ஓடி வந்தார்கள். அந்த நாலு பேரையும் கொஞ்சம் பாருங்கள். ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டுகிறான். ஒருவன் "மெல்ல, மெல்ல" என்கிறான். ஒருவன் சக்கரத்தைப் பிடிக்கிறான், அது சுழல்கிறது. அவள் சேலை ஒதுங்குகிறது, அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். கமராக்காரர் படம் எடுக்கிறார். சனமெல்லாம் "பாவம்" என்கிறது. அந்த நாலாவது ஆள் நான்தான். பெரிய உதவி செய்த நினைப்பில் வேர்வையைத் துடைத்தேன். அப்போதுதான் அவள் கேட்டாள்:

"நாலு பேர் தூக்கிப் போறது கடைசி நாளிலதானே மச்சான். என்னை ஏன் உயிரோடயே தூக்குறீங்க?"

தம்பி, நீங்கள் கேட்ட சீமெந்து அங்கே இருந்தது. அதன் மேல் கிடாரம் இருந்தது. கிடாரத்தை எந்தச் சட்டத்தில் இறக்குவீர்கள்?

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி, இந்த நாட்டில் ஐந்து வயதைத் தாண்டியவர்களில் 8.7 சதவீதம் பேருக்கு ஏதோவொரு இயலாமை. நூறு பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர். பக்கத்தில் திரும்பிப் பாருங்கள். அந்த ஒன்பது பேர் இங்கே இருக்கிறார்களா? வீட்டில் விட்டுவிட்டு வந்தோமா?

மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்குத்தான், அது நம் பெருமை. ஆனால் மாமி வீட்டை இளையவளுக்கு எழுதினார். "மூத்தவளை யாருகா கட்டப்போறாங்க, அவளுக்கு எதுக்கு வீடு?" என்றது ஊர். மூத்தவளுக்குப் பின்னறை. அங்கேயிருந்து அவள் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் அந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அங்கவீனர் என்றோம், வலுவிழந்தோர் என்றோம், இப்போது மாற்றுத்திறனாளி என்கிறோம். பெயரை இரண்டு தரம் மாற்றினோம், அறையை மாற்றவில்லை.

மறுகா, போன வருடம் மாமி மோசம் போனார். வெள்ளத்துக்குப் பயந்து மூன்று படி உயர்த்திக் கட்டிய வீடு. நாலு பேர் பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மச்சாள் முதற்படியில் நின்றுவிட்டாள். படலை வரைக்குமாவது தாயோடு போக வேண்டும் அவளுக்கு. நாங்கள் தூக்க ஓடினோம். "வேணாம்" என்றாள். பறை அடிக்கிறது, அம்மா போகிறாள், இவள் மேலே நின்று பார்க்கிறாள்.

தங்கச்சியின் மகன், ஏழு வயது. குசினிக்குள் ஓடினான். நெல் மூட்டை அடுக்கும் பலகையை இழுத்து வந்து படியில் சாய்த்தான். "பெரியம்மா, இதால வாங்க" என்றான். அவனுக்கு 1996 தெரியாது, 2006 தெரியாது. பலகையின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மறுபக்கத்தை நான் பிடித்தேன். மச்சாள் தன் கையால் சக்கரத்தை உருட்டி இறங்கிப் படலை வரை போனாள். அம்மாவின் காலைத் தொட்டாள்.

அந்தப் பலகை இன்னும் அந்தப் படியில்தான் கிடக்கிறது. வணக்கம்.