63 சதவீதக்காரர் எங்கே போவார்?

(மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை குறித்துக் காட்பாடியில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். உதவித்தொகையைச் சீர்திருத்த வேண்டும் என்றதும் தொகையைத்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். மத்திய அரசின் பங்கு 2012-ல் 300 ரூபாய் ஆனது, அங்கேயே நிற்கிறது. அதுவும் 80 சதவீதக் குறைபாடு, வறுமைக் கோட்டுக்குக் கீழ் என்றால்தான். ஆனால் முதலில் கை வைக்க வேண்டியது சதவீதக் கணக்கில் என்பேன்.

ஒருவருக்குக் கையில் 50, பார்வையில் 30 சதவீதப் பாதிப்பு. வீட்டில் கூட்டினால் 80. மருத்துவக் குழு அப்படிக் கூட்டாது. 90-லிருந்து பெரிய எண்ணைக் கழித்தால் 40. அதைச் சிறிய எண்ணான 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 13 சொச்சம். அதை 50-ஓடு சேர்த்தால் 63. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் சான்று வாங்கிய கையோடு 'டாக்டர் குறைச்சிட்டாரு' என்று சண்டைக்கு நிற்கிறோமே, அவர் என்ன செய்வார்? சூத்திரம் அது.

கடும் பாதிப்புக்கு நம் மாநிலம் தரும் மாதம் 2000 ரூபாய்க்கு 75 சதவீதம் வேண்டும். இவருக்கு எட்டாது. தாசில்தார் அலுவலகம் வழியாக வரும் 1500-க்கு மனுப் போட வேண்டும். சட்டைப் பொத்தான் போடவும் ஆள் வேண்டும், சாலையைக் கடக்கவும் ஆள் வேண்டும் என்பது எந்தக் கட்டத்திலும் பதிவாகாது. உறுப்பை அளக்கிறோம், உடனிருப்பவரின் கூலியை அளப்பதில்லை. நகரத்துக்குள் சத்துவாச்சாரியில் இருப்பவருக்கும் பீஞ்சமந்தை மலையில் இருப்பவருக்கும் ஒரே செலவா? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, கூடுதல் ஆதரவு தேவைப்படுபவர் தனியே விண்ணப்பித்து மதிப்பீடு கேட்கலாம் என்கிறது. 40 சதவீதம் இருந்தால் போதும். உதவித்தொகையை அந்த மதிப்பீட்டோடு இணைக்க வேண்டும்.

அடுத்தது கைக்கு வரும் வழி. தொழுநோயில் உணர்விழந்து மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக் காட்டிய ஊர் இது. டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் இங்கே, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் அதைத் தொடங்கினார். இன்று அப்படிப்பட்ட விரலை ரேகைக் கருவி ஏற்பதில்லை. பணம் கொண்டுவருபவர் நாலு தடவை அழுத்தச் சொல்லிவிட்டு 'விழலம்மா' என்று கிளம்பிவிடுகிறார். கருவிழிப் பதிவைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வங்கிக் கிளைக்குப் போங்கள். கைநாட்டு வைக்க முடியாதவர் கால் பெருவிரல் ரேகையைப் பணம் எடுக்கும் படிவத்தில் வைக்கலாம். இரண்டு சாட்சிகள், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரி. ரிசர்வ் வங்கி சொன்னதுதான். கிளையில் பலருக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

இன்னொன்று. கடனுக்கோ கேஸ் மானியத்துக்கோ வேறு வங்கியில் ஆதாரை இணைத்தால், ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குப் போய்விடும். தொகை நின்றுபோச்சு என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அடுத்த கேள்வி, சான்று தற்காலிகமா, தேதி முடிந்துவிட்டதா?

18 வயது கடந்த அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குத் தாயே கையெழுத்துப் போட்டால் சட்டப்படி போதாது. ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். 17 முடிந்ததுமே காகிதங்களைத் திரட்டத் தொடங்குங்கள்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மனுவில் சேர்த்து எழுதுங்கள்: தொகையை நிறுத்துமுன் காரணத்தைத் தமிழில் எழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டும், யாரிடம் முறையிடுவது என்பதும் அதில் இருக்க வேண்டும். மனு ரசீதை வாங்காமல் வராதீர்கள்.